கொஞ்சம் பெரிதான கறுப்பு வட்டம்

சுட்டு முடித்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஐந்து ஓட்டைகள். ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் இருந்தன. பார்க்கிறவர்கள் பாராட்டியிருப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டம் நடுவில் இல்லை. பத்துப் புள்ளி வட்டத்தை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே ஒன்பதில் குடியேறியிருந்தது.

பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. பொம்மசந்திராவில், ஒரு பழைய பேக்கிங் கிடங்கின் மூன்றாவது மாடியில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப். விரல்நுனி சில்லிட்டிருந்தது. கையில் துப்பாக்கி எண்ணெய் வாசனை. கீழே ஓசூர் ரோட்டில் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

இன்னும் ஐந்து சுட்டேன். அதே இடம். கை நடுங்கியிருந்தால் ஓட்டைகள் சிதறியிருக்கும். மூச்சு தவறியிருந்தால் ஒன்றிரண்டு ஓடியிருக்கும். பத்தும் ஒரே இடத்தில் கீழே போனால் தவறு சுடுகிறவளிடம் இல்லை.

‘யாரோ என் துப்பாக்கியில் கை வைத்திருக்கிறார்கள்’ என்று நினைத்தேன். வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

சந்தேகமே உத்தியோகம்

போன வாரம் இந்தத் தொடரில், ஜோலார்பேட்டையிலிருந்து வந்து கியர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதில் என்னை நானே கொஞ்சம் உயர்த்திச் சொல்லிக்கொண்டது உண்மைதான். இந்த வாரம் அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இருபது வருஷமாக நான் தர ஆய்வாளர். ஒரு பல்சக்கரம் மேஜைக்கு வந்தால், இது நன்றாக இருக்கிறது என்று தொடங்கக்கூடாது. இதில் எங்கே தப்பு என்று தொடங்க வேண்டும். அந்தப் புத்தியைச் சாயங்காலம் தொழிற்சாலை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. மளிகைக் கடைத் தராசு, ஆட்டோ மீட்டர், வீட்டுக்காரர் வாங்கி வரும் பால் பாக்கெட்டின் தேதி, எதையும் விட்டதில்லை. “உன்கிட்ட குட் மார்னிங் சொன்னாக்கூட வெளில போய் சூரியன் வந்துச்சான்னு பாத்துட்டு வருவே” என்பார் அவர்.

நாற்பத்திரண்டு வயதில் துப்பாக்கி பிடிக்கப் போனதற்குக் காரணம் தொழிற்சாலை விளையாட்டு விழா. ஏர் ரைஃபிள் ஸ்டாலில் மூன்று குண்டு சுட்டேன். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. கிளப் செயலாளர் மஞ்சுநாத் சார் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “மேடம், நீங்க ஞாயித்துக்கிழமை நம்ம கிளப்புக்குப் பர்லே வேணும், வந்தே ஆகணும்” என்றார். அவர் கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது இரண்டு மொழியையும் கலந்தடிப்பார். அதில் அவருக்கும் எங்களுக்கும் எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

கண் ஒன்றைத்தான் பார்க்கும்

நான் பழகியது ஓபன் சைட் துப்பாக்கி. லென்ஸ் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பள்ளம்; குழலின் நுனியில் ஒரு இரும்புக் கட்டை. பள்ளத்தின் நடுவில் கட்டையை நிறுத்தி, கட்டையின் தலைமேல் பத்து மீட்டர் தூரத்து அட்டையின் கறுப்பு வட்டத்தை உட்கார வைக்க வேண்டும். கட்டை வட்டத்தின் அடியைத் தொட்டாற்போல் நிற்கும். குண்டு வட்டத்தின் நடுவில் போய் விழும்படி பின்பள்ளத்தின் உயரத்தைத் திருகால் முன்பே அமைத்து வைத்திருப்போம். ஒரு திருகு திருப்பினால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். குண்டு ஒரு இழை மேலேறும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்த மனுஷக் கண்ணாலும் ஆகாது. முன்கட்டையைத்தான் கூர்மையாகப் பார்க்க வேண்டும். அட்டை மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் பழகுகிற அட்டையைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம். வட்டம் சின்னதாக இருந்தால் கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரொம்பப் பெரிதாக இருந்தால் அடி எங்கே என்று கண் தடுமாறும். மை பளபளத்தால் டியூப்லைட் அதில் விழுந்து கறுப்பே வெளுத்துவிடும்.

கிளப்புக்குப் பழகும் அட்டை தேர்ந்தெடுக்கிற வேலையை மஞ்சுநாத் சார் என்னிடம் கொடுத்தார். “செக் பண்றதுதானே உங்க கெலசா, வேலை?” என்றார்.

மூன்று மாதிரிகள் வந்தன. முதலாவது கண்ணாடி போல மின்னியது. இரண்டாவது தாள் மெலிசு. குண்டு பட்டால் வட்டமாக வெட்டாமல், நாய் கடித்த சப்பாத்தி போலக் கிழிந்தது. ஓட்டை எந்தக் கோட்டைத் தொட்டது என்று அதில் யார் சொல்ல முடியும்? மூன்றாவது பீன்யாவில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தது. தடித்த தாள், மங்கல் கறுப்பு, சுத்தமான ஓட்டை. வெர்னியர் அளவுகோலை வைத்து வட்டத்தை அளந்தேன். சரியாக இருந்தது. அட்டையின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதிரியை மஞ்சுநாத் சார் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்படி அங்கே தொங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நம்பரின் இன்னொரு ஆள்

கிளப்பில் ஓபன் சைட் துப்பாக்கிகள் குறைவு. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வோம். மூன்றாம் நம்பர் ஞாயிறு காலை எனக்கு, சனி மதியம் கௌதமிக்கு. பகிர்கிற துப்பாக்கிக்கு ஒரே ஒரு விதி உண்டு. பின்பள்ளத்தை யார் தொட்டாலும் எத்தனை கிளிக் என்று அலமாரியில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும்.

கௌதமிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. அல்சூர் பக்கத்துப் பழைய கன்டோன்மென்ட் ஆள். அவள் குடும்பம் அங்கே நாலு தலைமுறை. கிளப்புக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஊழியர் வேன் ஓட்டினாள். முன்கண்ணாடியில் ஒரு சின்ன புத்தர் படம் ஒட்டியிருக்கும். சனிக்கிழமை மதிய ஷிப்டை இறக்கிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

“வண்டிலயே குந்திக்கினு இருந்தா இடுப்பு போய்டுது மேடம். மேல இன்னா டப்பு டப்புன்னு சத்தம் வர்துன்னு பாக்க வந்தேன். அவ்ளோதான்” என்று முதல் நாள் சொன்னாள். ஆறே மாதத்தில் என் புள்ளிகளுக்கு இரண்டு மூன்று பக்கத்தில் வந்து நின்றாள்.

மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஓபன் சைட் பெண்கள் பிரிவில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. இதையும் சேர்த்துப் படித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் புத்தி எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று புரியும்.

அலமாரிச் சாவி ஒன்பது பேருக்கு எட்டும். எனக்கு ஒன்பது முகமும் நினைவுக்கு வரவில்லை. கௌதமி முகம் மட்டும் வந்தது. துப்பாக்கியைப் பகிர்கிறவள் அவள்தானே என்று அப்போது எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவள் தெருவின் பேரும், அவள் பேச்சும், அந்தப் புத்தர் படமும் மீதிப் பாதி. எங்கள் ஊரில் எந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்களோ, அந்தக் கணக்கு எனக்குள்ளும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூர் வந்து இருபது வருஷம் ஆகியும்.

நகப்பூச்சு

முதல் ஞாயிறு, குண்டு கீழே போனதும் பின்பள்ளத்தை இரண்டு கிளிக் ஏற்றினேன். குண்டுகள் நடுவுக்கு வந்தன. நோட்டில் எழுதவில்லை. மறதி இல்லை. எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும், கண்டுபிடிக்க முடியாது என்று வேண்டுமென்றே விட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கீழே. பார்த்தால் நான் ஏற்றிய இரண்டு கிளிக்கும் இறங்கியிருந்தது. நோட்டில் ஒன்றும் இல்லை.

தொழிற்சாலையில் முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் ஒரு சாயக் கோடு போடுவோம். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். மறுபடி இரண்டு கிளிக் ஏற்றி, திருகின் மேல் என் நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, எனக்கு வேலையே இல்லாத நாளில், போய் மாடிப்படியின் வளைவில் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே நன்றாகத் தெரிந்தது.

கௌதமி அட்டைக் கட்டைப் பிரித்துவைத்து, கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தாள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சிலதை இந்தப் பக்கம், சிலதை அந்தப் பக்கம் வைத்தாள். இவ்வளவு பொறுக்க என்ன இருக்கிறது? நான் பார்த்து ‘சரி’ சொன்ன அட்டைகள்!

பிறகு ஐந்து சுட்டாள். அட்டையைப் பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து பின்பள்ளத்தின் திருகில் விரலை வைத்தாள்.

எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. பிடித்துவிட்டேன் என்ற குளிர்ச்சி. சத்தம் செய்யாமல் இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலை போனபோது கோடு உடைந்திருந்தது. நேராக மஞ்சுநாத் சாரிடம் போனேன்.

விசாரணை

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரையும் அவர் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தார். கௌதமி வேன் சாவியைக் கையில் வைத்திருந்தாள்.

“மூணாம் நம்பர் சைட்டைத் தொட்டியா கௌதமி?” என்றார்.

“ஆமா சார், தொட்டேன்” என்றாள் உடனே. “ரெண்டு வாரமா மேல ஏறிக் கெடந்துச்சு. குண்டு எல்லாம் மேல போச்சு. நோட்ல பாத்தேன், யாரும் எழுதல. சரி, பசங்க யாராச்சும் விளையாடி இருப்பாங்கன்னுட்டு பழைய இடத்துக்கே எறக்கி வெச்சேன்.”

“எழுதாம யாகே, ஏன் தொட்டே?”

“பழைய இடத்துக்குத்தானே சார் வெச்சேன். புதுசா எழுத இன்னா இருக்குது?” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “மேடம், நீங்க ஏத்துனீங்களா?”

நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். மஞ்சுநாத் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

“கேள்வி கேட்டது உங்கள” என்றேன்.

அவள் வேன் சாவியை மேஜைமேல் வைத்தாள். அப்புறம் சாரிடம், “அந்தக் கார்டுங்க கூட ஒரே மாதிரி இல்ல சார். போன மாசம் வந்த கட்டுல சிலது...” என்று தொடங்கினாள்.

“கார்டை நான் செக் பண்ணியிருக்கேன்” என்றேன்.

“மேடம் செக் மாடிதாரே கௌதமி. அதை விடு” என்றார் அவர்.

அவள் விட்டுவிட்டாள். மூன்றாம் நம்பர் எனக்கு மட்டும் என்று ஆனது. கௌதமிக்கு ஐந்தாம் நம்பர். அதன் மரக்கட்டை தோளில் சரியாகப் பொருந்தாது. யாரும் விரும்பி எடுக்காத துப்பாக்கி. தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.

எழுந்து போகும்போது, “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள். அந்த மரியாதையில் எந்தக் குத்தலும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அந்தச் சங்கடத்தையும் நான் சந்தேகித்தேன்: நடிக்கிறாளோ?

தேர்வு நாள்

தேர்வுக்கு மட்டும் வெளியிலிருந்து வாங்கிய போட்டி அட்டைகளைப் பயன்படுத்துவது வழக்கம். முதல் ஐந்து குண்டு சோதனைக்கு, கணக்கில் வராது. மூன்று சுட்டேன்.

எல்லாம் மேலே போயிருந்தன.

போன ஞாயிறு நான் மறுபடி இரண்டு கிளிக் ஏற்றியபின் வேறு யாரும் தொடாத துப்பாக்கி. என் ஒருத்தியின் துப்பாக்கி. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திருகை இறக்கினேன். ஒரு கிளிக். சுட்டேன், போதவில்லை. இன்னொரு கிளிக். குண்டு பத்தில் விழுந்தது.

இரண்டு கிளிக் கீழே. கௌதமி ஒவ்வொரு சனிக்கிழமையும் இறக்கி வைத்த அதே இடம்.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏதோ புரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் முப்பது குண்டையும் சுட்டு முடித்தேன். கௌதமி ஐந்தாம் நம்பரோடு மல்லுக்கட்டி என்னைவிட நாலு புள்ளி பின்னால் வந்தாள். எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். அவளும் கொடுத்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். நான் சுட்ட அட்டைகளை எறிவதில்லை. தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருப்பேன். குண்டு கீழே போன ஞாயிற்றுக்கிழமை அட்டை ஒன்றை எடுத்தேன். அன்றைய போட்டி அட்டையை அதன் மேல் வைத்து, பால்கனிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.

போட்டி அட்டையின் கறுப்பைச் சுற்றி, கீழே இருந்த அட்டையின் கறுப்பு ஒரு கரை போலத் தெரிந்தது.

வெர்னியரை வைத்தேன். ஆறு மில்லிமீட்டர் பெரிது. வட்டத்தின் அடியில் கட்டையை நிறுத்துகிறவளுக்கு, வட்டம் பெருத்தால் நடு மூன்று மில்லிமீட்டர் மேலே போய்விடும். குண்டு அடியிலிருந்து அதே உயரத்தில்தான் விழும். அட்டையைப் பார்த்தால் கீழே போனதாகத் தெரியும். பின்பள்ளத்தில் யாரும் எந்த விஷமமும் செய்யவில்லை.

கோப்பு முழுவதையும் தரையில் பரப்பினேன். முதல் கட்டில் வந்தவை எல்லாம் சரி. இரண்டாவது கட்டில் பாதி பெரியவை. பிறகு விசாரித்தபோது, பாதி வேலையில் கம்ப்யூட்டரை மாற்றினோம், தாளுக்கு ஏற்றபடி அதுவே படத்தைப் பெரிதாக்கிவிட்டது என்றார் அச்சகக்காரர். இரண்டாவது கட்டை நான் அளக்கவேயில்லை. முதல் பீஸ் சரியாக இருந்தால் மீதியும் சரி என்று எடுத்துக்கொள்ளாதே என்று, வேலைக்கு வருகிற ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் முதல் நாள் நான் சொல்கிற பாடம் அது.

கௌதமி அளவுகோல் இல்லாமல் வெறும் கண்ணால் அந்தப் பெரிய அட்டைகளைப் பொறுக்கி ஒதுக்கியிருக்கிறாள். திருப்பி அனுப்புவதற்கு. மஞ்சுநாத் சார், மேடம் பார்த்த அட்டைதானே என்று அவற்றைத் திரும்பவும் அலமாரியில், கட்டின் மேலேயே வைத்துவிட்டார். மறுநாள் காலை முதலில் வருகிறவள் நான். ஞாயிறு காலை என்னோடு ஓபன் சைட் சுட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் புதியவர்கள், அட்டையில் எங்காவது பட்டாலே அவர்களுக்குச் சந்தோஷம். ஆகவே என்னைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வேன் நிற்கும் இடம்

திங்கட்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டேன். அவள் வேன் தொழிற்சாலைச் சுவரோரம் நிழலில் நின்றிருந்தது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடினாள்.

இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். வாங்கி, முன்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“இதத்தான் சொல்ல வந்தேன் அன்னிக்கு” என்றாள்.

“சைட்டை ஏத்துனதும் நான்தான் கௌதமி. நோட்ல எழுதல. நீங்க கேட்டப்ப தெரிஞ்சே சொல்லல. படியில நின்னு உங்கள வேவு பாத்தேன். திருகுல நகப்பூச்சு வெச்சேன்.”

“அது நீங்கதானா?” என்றாள். “இன்னாடா இது, செவப்பா ஒட்டுதுன்னு பார்த்தேன்.” சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஒம்போது பேரு இருக்கோமே மேடம். ஏன் நான்?”

துப்பாக்கியைப் பகிர்ந்தோம் இல்லையா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. மீதிப் பாதியையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“சரி, வுடுங்க. தெரியும்” என்றாள்.

“என் பேரை எடுத்துட்டு உங்க பேரைக் குடுக்கச் சொல்றேன்.”

“நீங்க குடுத்து நான் வாங்கிக்கிறதா? அது வாணா.” டிபன் பாக்ஸைத் துணிப்பையில் வைத்தாள். “திருப்பிச் சுடலாம். மூணாம் நம்பர் எனக்கு. அஞ்சாம் நம்பர் உங்களுக்கு. அப்புறம், அன்னிக்கு சார் டேபிள்ல சொல்லாதத எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை

சொன்னேன். பதினாலு பேர் இருந்தார்கள். நோட்டில் எழுதாமல் விட்டது, கேட்டபோது மறைத்தது, இரண்டாவது கட்டை அளக்காதது, மூன்றையும் சொன்னேன். மஞ்சுநாத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாநிலப் போட்டிக்குப் பெயர் இன்னும் போகவில்லை, திருப்பிச் சுடலாம் என்றார். பிறகு அவரும், “கௌதமி, நீ ஹேளிதப்ப, சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றார்.

ஐந்தாம் நம்பர் தோளில் எப்படி வழுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கன்னத்தை மறுபடி மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. இதை வைத்துக்கொண்டா நாலே புள்ளி பின்னால் வந்தாள்!

கௌதமி என்னைவிட ஏழு புள்ளி கூடுதலாக வாங்கினாள். யாரும் கைதட்டுமுன் அட்டைகளை எடுத்து அடுக்கி மஞ்சுநாத் சாரிடம் கொடுத்துவிட்டு, “சார், டிரிப் இருக்குது” என்று இறங்கிப் போய்விட்டாள்.

மாநிலப் போட்டியில் அவளுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பதினோராவது வந்தாள். முதல் தடவைக்கு அது நல்ல இடம். இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். அட்டை தேர்ந்தெடுக்கும் வேலை அவளிடம்தான். பீன்யாவிலிருந்து கட்டு வந்தால், மேலிருந்து நாலு, நடுவிலிருந்து நாலு, அடியிலிருந்து நாலு எடுத்துக் கையை நீட்டிப் பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வாள். நான் வெர்னியரோடு போவேன். அவள் ஒதுக்கியது எதுவும் இதுவரை அளவில் சரியாக இருந்ததில்லை. வேலை முடிந்ததும் கீழே ஆளுக்கொரு டீ குடிப்போம். அவள் மகளின் கல்லூரி, என் வீட்டுக்காரரின் முதுகுவலி, எல்லாம் பேசுவோம். பார்க்கிறவர்கள் சிநேகிதிகள் என்றுதான் நினைப்பார்கள்.

போன மாதம் அலமாரியில் ஒரு மாற்றம். மூன்றாம் நம்பர் இருக்கும் தட்டுக்குத் தனியாக ஒரு சின்னக் கதவு வைத்து, பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. பூட்டு கௌதமி வாங்கி வந்தது என்றார் மஞ்சுநாத் சார். சாவி அவளிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. என்னிடம் இல்லை.

அன்றைக்கு அவள் பூட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “டீக்குப் போலாமா மேடம்?” என்றாள்.

போனோம்.